கடல் அலங்கோலமாக இருக்குமா? அல்லோலகல்லோலம் என்ற சொல்லைப் பற்றி

மண்டபத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய தாத்தா 1964 புயலின்போது தனுஷ்கோடியில் சிறுவனாக இருந்தவர். தாத்தா சொல்லச் சொல்ல, அதைத் தம்பி எழுதி வருகிறார். எழுதியதில் இரண்டு வாக்கியங்கள்: 'அன்று ராத்திரி கடல் அலங்கோலமாக இருந்தது. விடிந்து பார்த்தபோது ஊரே அல்லோலகல்லோலமாகக் கிடந்தது.' படித்துப் பார்த்த நண்பர் ஒருவர், ஏதோ இடிக்கிறது என்றாராம். என்ன இடிக்கிறது, அல்லோலகல்லோலம் என்றால் சரியாக என்ன பொருள், அலங்கோலம், களேபரம், அமளி, குளறுபடி எல்லாம் ஒன்றுதானே என்பது கேள்வி.

நண்பருக்கு நல்ல காது. இரண்டு சொற்களும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. மாற்றி வைத்தால் சரியாகிவிடும். ஏன் மாற்றவேண்டும் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பாம்பனில் பிறந்து, கடல் சத்தம் கேட்டே வளர்ந்து, பிறகு முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்தச் சொல்லின் மேல் எனக்குத் தனியான பிரியம் உண்டு. காரணம், இது கடலிலிருந்து வந்த சொல்.

கல்லோலம் என்றால் பேரலை. வடமொழிச் சொல். அலை புரண்டு வருகிற ஆற்றுக்குக் கல்லோலினி என்றே அங்கே ஒரு பெயர் உண்டு. உல்லோலம் என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது. அதுவும் பெரிய அலைதான். இவற்றுக்குள் இருக்கும் லோலம் என்பதற்கு ஆடுவது, அசைவது, ஓரிடத்தில் நிலைகொள்ளாதது என்று பொருள். பெண்கள் பின்னால் அலைகிறவனை ஸ்திரீலோலன் என்கிறோமே, அந்த லோலம். காதில் ஆடுகிற லோலாக்கும் அதே குடும்பத்துப் பிள்ளைதான். ஆக, அல்லோலகல்லோலம் என்று சொல்லும்போது நாம் சொல்வது 'அலைமேல் அலை' என்பதுதான். ஓர் அலை அடித்து ஓய்வதற்குள் அடுத்தது வந்து ஏறுகிற நிலை.

இதை நாமே மறந்துவிட்டோம். இன்றைக்குத் தமிழில் இந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் கடல் ஞாபகம் வராது. சந்தை ஞாபகம் வரும், கல்யாண வீடு ஞாபகம் வரும், சட்டசபை ஞாபகம் வரும். தெலுங்கில் அப்படி இல்லை. அங்கே இதே சொல் அல்லகல்லோலம் என்று வழங்குகிறது. புயல் நேரத்தில் தெலுங்குச் செய்தியைக் கேட்டுப் பாருங்கள்: 'சமுத்திரம் அல்லகல்லோலமாக இருக்கிறது' என்றே வாசிப்பார்கள். கன்னடத்திலும் அல்லோலகல்லோலம் உண்டு. நம்மிடம் மட்டும் சொல் கரையேறி ஊருக்குள் போய்விட்டது. இத்தனை கடற்கரை வைத்துக்கொண்டு நாம் இந்தச் சொல்லைக் கடலுக்குச் சொல்வதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

சொல் தமிழுக்குள் இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். தமிழ்க் காது இதைக் கேட்கும்போது உள்ளே ஓர் 'ஓலம்' கேட்கிறது. ஓலமிடுவது நம் சொல். கடலின் ஓசையையும் ஓலம் என்போம். அதேபோல 'கல்' என்பதும் பழைய தமிழில் இரைச்சலைக் குறிக்கிற ஒலிக்குறிப்பு; ஊர் கல்லென்று ஆனது என்றால் ஊரே இரைச்சலானது என்று பொருள். ஆகவே அல்+ஓலம், கல்+ஓலம் என்று பிரித்து, 'இருட்டில் எழும் ஓலம், இரைச்சலான ஓலம்' என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. கேட்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் சொல் பிறந்த வழி அதுவல்ல. வெளியிலிருந்து வந்த சொல்லுக்கு உள்ளூர்க் காது கொடுத்த வரவேற்பு என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். அந்த வரவேற்பால் ஒரு விளைவும் நடந்திருக்கிறது: வடமொழியில் வெறும் அசைவாக இருந்தது, தமிழில் அசைவும் சத்தமும் சேர்ந்ததாக ஆகிவிட்டது. சத்தமில்லாத அல்லோலகல்லோலம் தமிழில் கிடையாது.

அலையிலிருந்து கூட்டத்துக்கு இந்தச் சொல் எப்படித் தாவியது என்று கேட்டால், அதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். தை அமாவாசைக்கு ராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரையில் போய் நில்லுங்கள். அங்கே கடல் குளம் மாதிரி இருக்கும், பெரிதாக அலை கிடையாது. ஆனால் மறுநாள் பத்திரிகையில் 'பக்தர்கள் கூட்டம் அலைமோதியது' என்று போட்டிருப்பார்கள். கடலில் இல்லாத அலை கரையில் இருக்கிறது! அலைமோதுவது, அலைக்கழிவது, கொந்தளிப்பது என்று நம் சொந்தச் சொற்களும் இதே பாதையில்தான் போயிருக்கின்றன. மனிதர்கள் கூட்டமாக நிலைகொள்ளாமல் தவிக்கும்போது தமிழனுக்குத் தண்ணீர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. குழப்பம், கலக்கம், கலவரம் என்று பாருங்கள். குழம்புவதும் கலங்குவதும் தண்ணீர் செய்கிற வேலை. தெளிவு என்பதும் தண்ணீரிலிருந்து வந்ததுதான்.

சரி, இப்போது பயன்பாட்டுக்கு வருவோம். அகராதியைவிட இதற்கு வினைச்சொல்தான் நல்ல சாட்சி. அல்லோலகல்லோலத்தோடு இயல்பாகச் சேர்கிற வினை 'படு'. ஊரே அல்லோலகல்லோலப்பட்டது என்போம். அல்லோலகல்லோலம் ஆகிவிட்டது என்பதும் சரி. 'கிட' சேராது. அல்லோலகல்லோலமாகக் கிடந்தது என்றால் காதில் முள் மாதிரி குத்துகிறது அல்லவா, அதுதான் உங்கள் நண்பருக்கு இடித்தது. கிடப்பது என்றால் அசையாமல் இருப்பது. அசையாத அலை ஏது?

அலங்கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் 'கிட' தான் உயிர்த்தோழன். 'வீடு அலங்கோலமாகக் கிடக்கிறது', 'தலைமுடி அலங்கோலமாக இருக்கிறது', 'ஏண்டி பிள்ளை, அடுப்படியை இப்படி அலங்கோலமாப் போட்டு வச்சிருக்க?' இந்தச் சொல்லுக்குள் கோலம் வெளிப்படையாகவே தெரிகிறது. கோலம் என்றால் தோற்றம், வடிவம், ஒப்பனை. இருக்கவேண்டிய கோலம் கெட்டுப்போன நிலை அலங்கோலம். அது கண்ணுக்குத் தெரிகிற சங்கதி. ஆள் நடமாட்டமே இல்லாத வீடு அலங்கோலமாகக் கிடக்கலாம். ஆள் இல்லாத வீடு அல்லோலகல்லோலப்பட முடியாது.

இன்னொன்றும் கவனியுங்கள். அல்லோலகல்லோலப்படுவதற்கு ஒரு கூட்டம் வேண்டும்: ஊர், தெரு, சந்தை, சபை, நாடு. 'அவன் அல்லோலகல்லோலப்பட்டான்' என்று ஒற்றை ஆளுக்குச் சொன்னால் பொருந்தவில்லை. மனசுக்கு மட்டும் சொல்லலாம், ஏனென்றால் மனசை நாம் ஏற்கெனவே கடலாக்கி வைத்திருக்கிறோம்.

அப்புறம், இந்தச் சொல் கெட்டதற்கு மட்டும் உரியதல்ல. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஏர்வாடி சந்தனக்கூடு இரவில் ஊர் அல்லோலகல்லோலப்படுகிறது என்றால் அது குறையாகச் சொன்னது ஆகாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி: ஒருத்தி பூக்கூடையோடு ஓடுகிறாள், ஒருவர் பந்தல்காரரைத் தேடுகிறார், சமையல்கட்டில் பாத்திரம் உருளுகிறது, பிள்ளைகள் காலுக்குள் புகுந்து ஓடுகின்றன. வீடு அல்லோலகல்லோலப்படுகிறது. அதில் சந்தோஷமும் இருக்கிறது. அலங்கோலத்தில் சந்தோஷம் இருக்கமுடியாது. கல்யாணம் முடிந்த மறுநாள் காலை அதே வீட்டைப் பார்த்தால் அலங்கோலம்: வாழையிலைக் குவியல், நசுங்கிய பூ, சாய்ந்துகிடக்கிற நாற்காலி. ஒரே வீடு, முதல்நாள் ராத்திரிக்கு ஒரு சொல், மறுநாள் காலைக்கு ஒரு சொல்.

உங்கள் பிரச்சினைக்கு விடை இந்தக் கல்யாண வீட்டிலேயே இருக்கிறது தம்பி. ராத்திரி கடல் அல்லோலகல்லோலப்பட்டது. விடிந்தபோது ஊர் அலங்கோலமாகக் கிடந்தது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு கார்த்திகை மாதம் வாடைக்காற்று வெறிபிடித்து அடித்தது. ராத்திரி முழுக்க யாரும் தூங்கவில்லை. காற்றில் ஓலைக்கூரை படபடவென்று அடித்துக்கொள்ள, வடக்குப் பக்கம் நங்கூரக் கயிறு அறுந்த படகுகள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் வீடுவரை கேட்டது. ஆட்கள் லாந்தர் எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடுவதும், பெண்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், யாரோ கழுத்தளவு தண்ணீரில் இறங்கிக் கயிற்றைப் பிடிப்பதும். அது ஒரு நிலை. காலையில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு கரைக்குப் போனேன். காற்று நின்றிருந்தது. சத்தமே இல்லை. ஒரு வத்தைப் படகு இன்னொன்றின்மேல் ஏறிக் கிடந்தது. வலைகள் பாதி மண்ணுக்குள் புதைந்து, பாதி பாசியோடு பின்னிக் கிடந்தன. முழங்கால் உயரத்துக்குக் கடற்பாசி கரை நெடுகிலும் ஒதுங்கியிருந்தது. பனையோலை, மிதவை, உடைந்த பலகை, செத்த மீன், யாருடையதோ ஒற்றைச் செருப்பு. அது இன்னொரு நிலை. இரண்டுக்கும் ஒரே சொல்லை யாராவது சொன்னால், அந்த இரண்டு நேரத்தையும் பார்க்காதவர் என்றுதான் நினைப்பேன்.

மற்ற சொற்களையும் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் அதனதன் வாசல் இருக்கிறது.

குளறுபடி நாக்கிலிருந்து வந்தது. நாக்குக் குளறுகிறது என்கிறோமே, அது. சொல்லவேண்டியது மாறிப்போவது, கணக்கு மாறிப்போவது, பட்டியலில் பெயர் மாறிப்போவது இதெல்லாம் குளறுபடி. ஒரு புயலுக்குப் பிறகு நிவாரணப் பட்டியலில் எங்கள் அப்பா பெயர் இரண்டு தடவை இருந்தது, அடுத்த வீட்டுக்காரர் பெயரே இல்லை. அப்பா தானே போய்ச் சொல்லி, ஒன்றை அடித்துவிட்டு அவர் பெயரைச் சேர்க்க வைக்க மூன்று நாள் நடந்தார். அது குளறுபடி. அங்கே அலையும் இல்லை, சத்தமும் இல்லை, காகிதம் மட்டும்தான். கடலுக்கோ ஊருக்கோ குளறுபடி என்று எழுதினால் தவறு.

சிக்கல் வலைக்காரன் சொல் மாதிரியே இருக்கும். நூல் சிக்குவது, மயிர் சிக்குவது, வலை சிக்காவது. அவிழ்க்கமுடிகிற ஒழுங்கின்மை அது. பொறுமையாக உட்கார்ந்தால் ஒரு முனை கிடைக்கும். எங்கள் தெருவில் வயதானவர்கள் மத்தியானம் முழுக்க வலையில் சிக்கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அமர்க்களம் போர்க்களம்தான். அமர் என்றால் போர். ஆனால் இன்றைக்கு 'விழா அமர்க்களமாக நடந்தது' என்றால் பிரமாதமாக நடந்தது என்று பொருள். தாறுமாறு என்ற சொல்லும் பிள்ளைகள் வாயில் இப்போது அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் ஒன்றும் கோபம் இல்லை. போர்க்களமே பாராட்டாக மாறியிருக்கும்போது தாறுமாறு மாறினால் என்ன?

அமளிக்குப் பழைய தமிழில் படுக்கை என்றும் ஒரு பொருள் உண்டு. இன்றைக்கு வழக்கில் இருப்பது சண்டைச் சத்தம் கலந்த கூச்சல் என்ற பொருள்தான். சட்டசபைச் செய்தியில் வருகிற அமளிதுமளி இதுதான். அல்லோலகல்லோலத்தில் சண்டை அவசியமில்லை. அமளியில் எதிர்த்தரப்பு ஒன்று வேண்டும்.

களேபரம் பற்றி மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். மூலத்தில் அதற்கு உடல் என்று பொருள். உயிர் போன உடலுக்கும் அது பெயர். பிறகுதான் குழப்பம், கூச்சல் என்ற பொருள் அதன்மேல் வந்து ஏறியது. இப்போது பேசுகிற யாருக்கும் அந்தப் பழைய பொருள் தெரியாது, ஆகவே எழுதினால் தப்பாகிவிடாது. இருந்தாலும் நீங்கள் எழுதுவது எந்த ராத்திரியைப் பற்றி என்பதை நினைத்தால், அந்தச் சொல்லை நான் அங்கே வைக்கமாட்டேன்.

தொல்காப்பியத்தில் ஒரு நூற்பா இருக்கிறது: 'அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி.' அலமரல் என்றால் சுழலுதல், நிலைகொள்ளாமல் தவித்தல். இரண்டாயிரம் வருடப் பழக்கமுள்ள நம் மொழியில் குழப்பத்துக்கு மிகப் பழைய சொற்களில் ஒன்று அசைவைத்தான் சொல்கிறது பாருங்கள். கல்லோலம் வந்து சேர்வதற்கு முன்பே இங்கே அதற்கு இடம் தயாராக இருந்திருக்கிறது. அலமந்து போனான் என்று ஒற்றை ஆளுக்குத் தாராளமாக எழுதலாம். ஊருக்கு அல்லோலகல்லோலம், ஆளுக்கு அலமரல். உங்கள் தாத்தா அன்று ராத்திரி தம்பி தங்கைகளைத் தேடி இருட்டில் ஓடியதை எழுதியிருக்கிறீர்களே, அங்கே 'அலமந்து' என்ற சொல் அழகாகப் பொருந்தும்.

நம் காதுக்கு ஏன் இந்த மாதிரிச் சொற்கள் ஜோடியாக வருகின்றன என்பதும் யோசிக்கவேண்டியது. அமளிதுமளி, தாறுமாறு, கன்னாபின்னா, ஏறுக்குமாறு, சின்னாபின்னம், அரக்கப்பரக்க. ஒழுங்கின்மைக்கு உள்ள சொற்களில் பாதிக்குமேல் இரட்டை மாடு பூட்டிய வண்டிதான். இதில் சின்னாபின்னம் மட்டும் இரண்டு பக்கமும் பொருளுள்ளது. சின்னம் என்றால் வெட்டுண்டது, பின்னம் என்றால் பிளந்தது. மற்றதில் பெரும்பாலும் ஒரு மாடு இழுக்கும், இன்னொன்று கூட நடக்கும். அல்லோலகல்லோலத்தில் இழுக்கிற மாடு கல்லோலம்தான். ஒருமுறை சொன்னால் நடந்தது ஒரு தடவை மாதிரி இருக்கிறது. இரண்டுமுறை சொன்னால் நிற்காமல் நடக்கிற மாதிரி இருக்கிறது. கரையில் நின்று அலையை எண்ணியவர்களுக்கு இது புரியும்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு இடத்திலும் லகரம்தான், ளகரம் கிடையாது. நடுவில் 'க்' மிகாது. அல்லோலமும் கல்லோலமும் என்று விரிகிற உம்மைத்தொகை, அங்கே வல்லினம் மிகாது. 'அல்லோகலப்பட்டது' என்று அச்சிலேயே பார்க்கிறேன். பேச்சில் வேகமாகச் சொல்லும்போது எழுத்துகள் உதிர்ந்து போவது சகஜம். எழுதும்போது முழுச் சொல்லையும் எழுதுங்கள். அலையைப் பாதியில் வெட்டினால் அதன் அழகு போய்விடுகிறது.

இனி நம் கரைக்கு வருவோம். உங்கள் தாத்தா கடலைப் பற்றி அல்லோலகல்லோலம் என்று தன் வாயால் சொல்லியிருக்கமாட்டார். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். கடலுக்குப் போகிறவர்கள் அவ்வளவு நீளமான சொல்லை வைத்துக்கொள்வதில்லை. 'கடல் சரியில்லை' என்பார்கள். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டால் வீட்டில் வேறு கேள்வி வராது. 'காத்தும் கடலுமா இருக்கு' என்பார் எங்கள் தாத்தா. எந்தக் காற்று என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். ஆனி ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடித்தால் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம் தொழிலுக்கு ஆகாது. அப்போது வடகடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்குமேல் வாடை வந்தால் வடகடலான பாக்கு நீரிணைப் பக்கம் புரளும், தென்கடல் அமைதியாகிவிடும். தனுஷ்கோடிப் பக்கம் ஒன்றைப் பெண்கடல் என்றும் இன்னொன்றை ஆண்கடல் என்றும் சொல்வதும், கோவில் வழக்கில் மகோததி, ரத்னாகரம் என்று பெயர் வைத்திருப்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். இவ்வளவு சின்ன நிலத்துண்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு குணமுள்ள கடல். ஒரு பக்கம் ஒழுங்கு கெட்டால் இன்னொரு பக்கம் ஒழுங்காக இருக்கும் என்பதை நம்பித்தான் இந்தக் கரையில் பிழைப்பு நடக்கிறது. 1964-இல் இரண்டு பக்கமும் ஒரே ராத்திரியில் ஏறியது. தாத்தா சொல்வதில் அந்த அதிர்ச்சி இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

அரசு அறிவிப்பின் சொல் வேறு. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும்போது எண்ணைத்தான் சொல்வார்கள். 1 முதல் 11 வரை எண் உண்டு. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். வானொலியில் 'மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும், கடல் கொந்தளிப்புடன் காணப்படும்' என்பார்கள். இந்தக் கொந்தளிப்புக்கு அளவுகூட இருக்கிறது: அலை இரண்டரை மீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை எழும்பினால் கொந்தளிப்பு, 4 முதல் 6 மீட்டர் என்றால் மிகுந்த கொந்தளிப்பு. அல்லோலகல்லோலத்துக்கு அப்படி மீட்டர் கிடையாது. அது அளப்பவர் சொல் அல்ல, நடுவில் மாட்டிக்கொண்டவர் சொல்.

ஆகவே உங்கள் எழுத்தில் மூன்று குரல் இருக்கிறது. தாத்தா பேசும் இடத்தில் 'கடல் சரியில்லை' என்றே விட்டுவிடுங்கள், அதை அழகுபடுத்தவேண்டாம். அறிவிப்பைச் சொல்லும் இடத்தில் கொந்தளிப்பு. நீங்கள், பேரன், உங்கள் குரலில் அந்த ராத்திரியை விவரிக்கும் இடத்தில் மட்டும் அல்லோலகல்லோலம். அப்படி எழுதினால், ஊருக்குள் போய்விட்ட சொல்லை அதன் பழைய கடலுக்கே கொண்டுவந்து விட்டவர் ஆவீர்கள். அதற்காகவே உங்கள் வாக்கியத்தை மாற்றிப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். கடலுக்குச் சொல்லுங்கள், ஊருக்குச் சொல்லுங்கள். செத்தவர்கள் பக்கத்தில் இந்தச் சொல்லை வைக்காதீர்கள். டிசம்பர் 22 ராத்திரி பாம்பனிலிருந்து புறப்பட்ட 653-ஆம் எண் பயணி ரயில், தனுஷ்கோடியை நெருங்கிய நேரத்தில் பேரலையில் போனது. அதில் இருந்தவர்கள் நூறு பேருக்கு மேல். ஊரில் செத்தவர்கள் இன்னும் எத்தனையோ பேர். அல்லோலகல்லோலம் எதுகையோடு துள்ளுகிற சொல். கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் புழங்கிப் புழங்கி அதில் ஒரு கலகலப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'ரயிலுக்குள் பயணிகள் அல்லோலகல்லோலப்பட்டனர்' என்று எழுதினால் அந்தக் கலகலப்பு அங்கே போய் உட்கார்ந்துவிடும். அது கூடாது. அந்த இடத்தில் 'அலறினார்கள்' என்ற ஒற்றைச் சொல் போதும். இல்லாவிட்டால், 'ரயில் வரவில்லை' என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

அலங்கோலம் என்ற சொல்லுக்கும் இதே கவனம் வேண்டும். காலையில் ஊர் அலங்கோலமாகக் கிடந்தது என்று எழுதலாம்: இடிந்த வீடு, மண் மூடிய தண்டவாளம், கவிழ்ந்த படகு. ஆட்களைச் சொல்லும்போது வேண்டாம். பிறகு அரசாங்கம் தனுஷ்கோடியை மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அறிவித்தது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் அந்தப் புயலில் சேதமாகி, 46 நாளில் சரிசெய்யப்பட்டது. அந்த ஊர் சரிசெய்யப்படவில்லை. அலங்கோலம் என்ற சொல்லுக்குள் 'திரும்பச் சரி செய்துவிடலாம்' என்ற ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. அடுப்படியைப் பார்த்துத் திட்டுகிற அம்மா, சாயங்காலத்துக்குள் அதை ஒழுங்குபண்ணிவிடுவாள் என்று தெரிந்துதான் திட்டுகிறாள். ஆகவே முதல்நாள் காலைக்கு மட்டும் அலங்கோலம் என்று எழுதுங்கள். அதற்கடுத்த வாரங்களைப் பற்றிச் சொல்லும்போது 'அழிந்தது' என்றே எழுதவேண்டும்.

உங்கள் இரண்டு வாக்கியத்தை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: 'சாயங்காலமே, கடல் சரியில்லை என்றாராம் தாத்தாவின் அப்பா. ராத்திரி இரண்டு கடலும் அல்லோலகல்லோலப்பட்டு ஊருக்குள் ஏறின. விடிந்தபோது காற்று நின்றிருந்தது. ஊர் அலங்கோலமாகக் கிடந்தது. ரயில் வரவில்லை.'

தாத்தாவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். அலை ஏறி வந்தபோது அவர் காதில் விழுந்த சத்தத்துக்கு அவர் என்ன சொல் சொல்கிறார்? 64-இல் இருந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் தெருப் பாட்டி ஒருத்தி, ஆயிரம் மாடு ஓடிவருகிற மாதிரி என்பாள்.